கிராஞ்சிச் சுவரில் நம் ஊர்ப் பெயர்கள்: காணாமல் போன சிப்பாய்களுக்காக ஒரு நடை போகலாமா?

உட்லண்ட்ஸ்வாசி | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு வேலை பார்க்கும் ஓர் ஆஸ்திரேலியர் ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பு எடுத்துக்கொண்டு நாள் முழுக்க நடப்பார். கிலோமீட்டருக்கு இத்தனை வெள்ளி (டாலர்) என்று நண்பர்கள் ஒப்புக்கொள்வார்கள். அந்தப் பணம் போரில் காணாமல் போன படைவீரர்களைத் தேடுகிறவர்களுக்குப் போகும். இந்த முறை என்னையும் கூப்பிட்டார். அப்பர் புக்கிட் தீமா சாலையில் இருக்கும் பழைய ஃபோர்டு தொழிற்சாலையில் கிளம்பி, கிராஞ்சிப் போர்க் கல்லறை வரை நடந்தோம். ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்ட கட்டடம் அந்தத் தொழிற்சாலைதான். வழியில் ஹேஸல் பார்க் பக்கம் ஒரு நிமிடம் நின்றோம். 2023 செப்டம்பரில் அங்கேதான் 100 கிலோ எடையுள்ள போர்க்கால வெடிகுண்டு மண்ணுக்குள் கிடைத்தது. 4,000 பேருக்கு மேல் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள், நினைவிருக்கும்.

நான் சிங்கப்பூரில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன். பத்து நிமிட நடையில் இருக்கும் அந்த மேட்டில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். 4,400க்கு மேற்பட்ட கல்லறைகள். அவற்றில் 850க்கு மேல் பெயரே இல்லாதவை. ‘1939-1945 போரின் ஒரு சிப்பாய்’ என்று மட்டும் இருக்கும். மேட்டின் உச்சியில் விமான இறக்கை மாதிரி கூரை போட்ட நினைவகம். அதைத் தாங்கி நிற்கும் சுவர்களில் உடல் கிடைக்காத 24,000க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள். நான் சும்மா பார்த்துக்கொண்டே போனேன். இந்தியப் படைகளின் பகுதி வந்தது. சாமி என்று முடியும் ஒரு பெயர். முத்து என்று இன்னொன்று. அப்புறம் ஒரு அந்தோணி, ஒரு அப்துல். நிழலில் எழுத்து மங்கலாக இருந்தது. கைபேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்ததும் குழிகளில் நிழல் விழுந்து எழுத்தெல்லாம் பளிச்சென்று எழும்பி வந்தது. ஆங்கில எழுத்துதான். ஆனால் அத்தனையும் எங்கள் ஊர்த் திண்ணையில் கேட்ட பெயர்கள்.

ஆஸ்திரேலியர் தன் ஊர்க்காரன் பெயர் முன்னால் ஒரு சின்னப் பூவை வைத்தார். எனக்கு வைக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அங்கே நின்ற ஒரு மணி நேரத்தில் இந்தியப் பகுதிக்கு வேறு யாரும் வரவில்லை.

நாமும் ஒரு நடை போகலாமா? போனால் யாருக்காக, எதைத் தேட?


பொன்னி_தெம்பனிஸ் | ஞாயிறு, இரவு 10.25

இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டார்.

அம்மாவின் பெரியம்மா வீட்டுக்காரர் பட்டாளத்தில் மலாயாவுக்கு வந்தவர். ஊர் அந்தக் காலத்துத் தஞ்சாவூர் ஜில்லா. 1941 கடைசியில் ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். சண்டை முடிந்து வெகுநாள் கழித்துச் சர்க்காரிலிருந்து ஒரு தாள் வந்தது. அதில் ‘காணவில்லை’ என்று இருந்ததாம். இறந்துவிட்டார் என்று இல்லை. அதனால் பெரிய பாட்டி தாலியைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். மாமியார் சொல்லியும் கேட்கவில்லை. மஞ்சள் கயிறு நைந்து போனால் புதுக் கயிறு மாற்றிக்கொள்வாராம், கோயிலுக்குப் போய்த் தனியாக. அறுபது வயது தாண்டியும் குங்குமம் வைத்திருந்தார். அந்தப் பொட்டோடேதான் போய்ச் சேர்ந்தார்.

நாள் தெரியாததால் அவருக்குத் திதி கிடையாது. புரட்டாசி மகாளய அமாவாசையில் பொதுவாக எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். அம்மா இன்றும் அதை விடவில்லை. அவர் பெயரும் அந்தச் சுவரில் இருக்குமா? எப்படித் தேடுவது?


செந்தோசை | திங்கள், காலை 7.10

இழை தொடங்கியவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்காரன் நடத்திய போர் அது. அவன் சம்பளத்துக்குப் போன சிப்பாய்க்குக் குறைந்தபட்சம் சுவரில் பெயராவது இருக்கிறது, வருடத்துக்கு இரண்டு முறை கொம்பு ஊதி மலர்வளையம் வைக்கிறார்கள். என் தாத்தா ஜொகூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவருடைய அண்ணனை ஜப்பான்காரன் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட இழுத்துப் போனான். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் இறந்த கைதிச் சிப்பாய்கள் ஏறக்குறைய 12,000 பேர். அவர்களில் பெரும்பாலோருக்குக் காஞ்சனபுரியிலும் மற்ற இடங்களிலும் கல்லறை உண்டு. ஆசியக் கூலிகள் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் எண்ணவே இல்லை. பல பத்தாயிரம். அதில் நம் தோட்டத்துச் சனம் எத்தனை? பெயர் பொறித்த ஒரு கல் கிடையாது, ஒரு பட்டியல் கிடையாது. நடக்க வேண்டுமானால் அவர்களுக்காக அல்லவா நடக்க வேண்டும்?


பொன்னி_தெம்பனிஸ் | திங்கள், காலை 8.02

நீங்கள் சொல்வது நியாயம். ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் பெரிய தாத்தா வெள்ளைக்காரன் மேல் பற்று வைத்துப் போகவில்லை. இரண்டு வருடம் விளைச்சல் இல்லை, வீட்டில் மூன்று தங்கைகள். உங்கள் தாத்தாவின் அண்ணன் எந்தப் பசியில் கப்பல் ஏறி மலாயா வந்தாரோ அதே பசியில்தான் இவரும் பட்டாளத்தில் சேர்ந்தார். இவருக்காக நடந்தால் அவரை மறந்ததாக ஆகாது.


தேக்கா_மணி | திங்கள், காலை 9.30

1942 பிப்ரவரி 17 அன்று இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியாகப் பிரித்து ஃபேரர் பார்க் திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இன்று நாம் ரயில் ஏறப் போகும் அதே ஃபேரர் பார்க்தான். ஏறக்குறைய 40,000 பேர். அங்கேயிருந்து ஒரு பகுதியினர் ஜப்பான் பக்கம் நின்ற இந்திய தேசிய ராணுவத்தில், அதாவது ஐஎன்ஏவில், சேர்ந்தார்கள். சேர மாட்டேன் என்று சொன்னவர்களில் பலரைக் கப்பலில் ஏற்றி நியூகினி வரைக்கும் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். அங்கே பசியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் நிறைய.

என் தாத்தா ஐஎன்ஏ. எஸ்பிளனேட் பூங்காவில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் வைத்த ஐஎன்ஏ நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ்காரர்கள் இடித்துவிட்டார்கள். 1995இல்தான் அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வைத்தார்கள். தாத்தா தன்னோடு ஒரே கூடாரத்தில் படுத்த ஆள் நியூகினி போனதைப் பற்றிக் கடைசி வரைக்கும் பேசுவார். ‘அவனும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டோம், அவன் சொன்ன பதில் வேறு, நான் சொன்ன பதில் வேறு’ என்பார். அதனால் எனக்கு இதில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரிக்க மனம் வரவில்லை. நான் நடையில் வருகிறேன்.


கணக்கர்_பீஷான் | திங்கள், மதியம் 12.45

உற்சாகத்தைக் குறைக்க எழுதவில்லை. அறநிறுவனக் கணக்குகளைப் பார்ப்பது என் தொழில் என்பதால் சொல்கிறேன், முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பொது இடத்தில் ஒரு நோக்கத்தை முன்வைத்துக் கூடினாலோ ஊர்வலம் போனாலோ சிங்கப்பூரில் காவல்துறை அனுமதி வேண்டும். ஆள் எண்ணிக்கை குறைவு என்பது காரணமாகாது. நாலைந்து நண்பர்கள் காலாற நடந்துபோய்க் கல்லறையைப் பார்ப்பது வேறு. பதாகை பிடித்து, சட்டை அச்சடித்துப் போவது வேறு.

அடுத்தது பணம். வெளிநாட்டு அறப்பணிக்காக இங்கே நிதி திரட்டினால் அறநிறுவன ஆணையரிடம் அனுமதி வாங்க வேண்டும். பொதுமக்களிடம் திரட்டினால், செலவு போக மிஞ்சியதில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி. விலக்குக் கேட்கலாம், ஆனால் அது தனி வேலை. யாராவது உண்டியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். விருப்பம் உள்ளவர்கள் அவரவர் பணத்தை அவரவரே நேராக அனுப்பிக்கொள்வதில் சிக்கல் இல்லை.

இன்னொன்று. எந்த அமைப்புக்குக் கொடுப்பது என்பதை யோசியுங்கள். காணாமல் போன தன் படைவீரர்களை அரசே ஆள் வைத்துத் தேடும் நாடு அமெரிக்கா. அவர்கள் கணக்கில் இன்னும் 80,000 பேருக்கு மேல், அதில் 70,000க்கு மேல் இரண்டாம் உலகப் போரில் போனவர்கள். பிரிட்டன் தானாகப் போய்த் தேடுவதில்லை, எங்காவது எலும்பு கிடைத்தால் அடையாளம் காண முயலும். நம் ஆட்களுக்கு யார்?


ஆய்வகம்_ஜூரோங் | திங்கள், இரவு 8.15

மரபணுச் சோதனை செய்யும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்லட்டுமா? எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

1941 நவம்பரில் சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 645 பேரோடு மூழ்கியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் கிறிஸ்துமஸ் தீவில் ஒரு மிதவை கரை ஒதுங்கியது, உள்ளே ஓர் உடல். அந்தத் தீவு அப்போது சிங்கப்பூர் நிர்வாகத்தில் இருந்தது. புதைத்துவிட்டார்கள். 2006இல் தோண்டி எடுத்து, உறவினர் மரபணுவோடு ஒப்பிட்டு, 2021 நவம்பரில் அவர் யார் என்று அறிவித்தார்கள். கிட்டத்தட்ட எண்பது ஆண்டு.

எலும்பு பழையதாக இருந்தால் பெரும்பாலும் நம்பியிருப்பது தாய்வழி மரபணுவை. அது அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், ஆனால் பெண்கள் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆகவே காணாமல் போனவரின் சொந்தப் பிள்ளைகளைவிட அவருடைய அக்காள் தங்கை பிள்ளைகள்தான் இதற்கு உதவுவார்கள். பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளும் உதவுவார்கள். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை உதவ மாட்டார்கள். நம் உறவுமுறையும் கிட்டத்தட்ட இந்தக் கோட்டில் பிரிகிறது பாருங்கள், பெரியம்மா மகனை அண்ணன் என்கிறோம், அத்தை மகனை அத்தான் என்கிறோம். அப்பாவின் அண்ணன் மகனும் நமக்கு அண்ணன்தான், ஆனால் அவர் இதற்கு உதவ மாட்டார் என்பது மட்டும் வித்தியாசம்.

நம் ஊரில் இன்னொரு விசேஷம். அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் இருந்ததே, அப்படிக் கட்டியவராக இருந்தால் மனைவிக்கும் அவருக்கும் ஒரே தாய்வழி. அந்த வீட்டில் அவருடைய சொந்தப் பிள்ளைகளிடமே அவருடைய தாய்வழி மரபணு இருக்கும். வெளிநாட்டு ஆய்வகத்தில் இதைச் சொன்னால் முதலில் விழிப்பார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு விஷயமும் உண்டு. கிராஞ்சியில் பெரிய நினைவகத்துக்குப் பின்னால் தகன நினைவகம் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர், அவரவர் மத வழக்கப்படி எரிக்கப்பட்டவர்கள். சாம்பலில் சோதிக்க ஒன்றும் இல்லை. அவர்களுக்கு மிஞ்சியது காகிதம் மட்டும்தான்.


வாத்தியார்_அங் மோ கியோ | செவ்வாய், காலை 6.20

காலையிலேயே எழுந்து முழுவதும் படித்தேன். வயது எழுபத்து நான்கு, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். மேலே ஆய்வகத் தம்பி ‘காகிதம் மட்டும்தான்’ என்று எழுதியதில்தான் நம் வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கிராஞ்சிக் கல்லறையைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, யாரும் தேடலாம். இந்தியப் படையினர் பலருக்குப் பெயர், எண், படைப்பிரிவு இவற்றோடு ‘இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா’ என்றும் இருக்கும். சிலருக்கு மனைவி பெயரும் இருக்கும். இதை எழுதியவர் யார்? பட்டாளத்து எழுத்தர். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். அதை இன்னொருவர் தட்டச்சு செய்தார், மூன்றாமவர் கல்லில் கொத்தினார். ழகரம் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜில்லாப் பெயர்கள் அந்தக் காலத்து ஆங்கிலப் பெயர்கள். டின்னவெல்லி என்றால் திருநெல்வேலி. டிரிச்சினோபோலி திருச்சிராப்பள்ளி. டாஞ்சூர் தஞ்சாவூர். ராம்நாட் ராமநாதபுரம். ஜில்லாவே இப்போது அந்த இடத்தில் இல்லை. ராம்நாட்டிலிருந்து 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தன. வட ஆர்க்காடு வேலூர், திருவண்ணாமலை என்று ஆகி, 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மேலும் உடைந்தது. டாஞ்சூர் என்று போட்டிருந்தால் இன்று நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோகூட அந்த ஊர் இருக்கலாம். இங்கிலாந்தில் உட்கார்ந்திருப்பவர் வரைபடத்தில் தேடினால் கிடைக்குமா? நமக்குக் கிடைக்கும். கீழ, மேல, புது, பட்டி, குடி, மங்கலம் எல்லாம் நம் நாக்கில் இருக்கிறது. எழுத்துப் பிழையோடு இருக்கும் ஊர்ப்பெயரை வாய்விட்டு நாலு முறை சொல்லிப் பார்த்தால் ஊர் தானாக வந்து நிற்கும்.

பெயர் தேடும்போது ஒன்று கவனியுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆகவே அவருடைய சொந்தப் பெயரையே குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டிருப்பார்கள். அங்கே போட்டுத் தேடுங்கள். கோவிந்தசாமி என்றால் ‘ச’வுக்கு எத்தனை வகை எழுத்துப் போட முடியுமோ அத்தனையும் போட்டுப் பாருங்கள், கடைசியில் ‘மி’யை நெடிலாகவும் குறிலாகவும் மாற்றிப் பாருங்கள். நினைவிடம் என்ற இடத்தில் சிங்கப்பூர் நினைவகத்தைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் சுருங்கும்.

பிழை இருந்தால் ஆணையத்துக்கு எழுதலாம். ஆதாரம் காட்டினால் திருத்துகிறார்கள். 2021 ஏப்ரலில் அவர்களே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முதல் உலகப் போரில் இறந்தவர்களில், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களுமாக, குறைந்தது 116,000 பேருக்குப் பெயர் சொல்லி நினைவுச் சின்னம் வைக்கவில்லை அல்லது எதுவுமே வைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். எண்ணிக்கை 350,000 வரைகூட இருக்கலாம் என்றார்கள். நம் வீட்டுப் பெயரை நாமே போய்ச் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?


உட்லண்ட்ஸ்வாசி | செவ்வாய், இரவு 9.05

வாத்தியார் ஐயா, மிக்க நன்றி. மதிய இடைவேளையில் உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். இப்போது எனக்குப் பாதை தெரிகிறது.

என் ஆஸ்திரேலிய நண்பர் கிலோமீட்டருக்கு வெள்ளி வாங்குகிறார். நாம் கிலோமீட்டருக்கு ஒரு பெயர் எடுத்துக்கொள்ளலாமா? நடப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒன்பது கிலோமீட்டர், ஒன்பது பெயர். நடைக்கு முன் அந்த ஒன்பது பேரின் ஊரைச் சரியான தமிழில் கண்டுபிடித்து எழுத வேண்டும். இன்றைய மாவட்டம், வட்டம் எது என்று குறிக்க வேண்டும். முடிந்தால் அந்த ஊர்க்காரர் யாரையாவது பிடித்து ‘இப்படி ஒருவர் பட்டாளத்துக்குப் போய் வராமல் போனாரா’ என்று கேட்க வேண்டும். ஊர் ஊருக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிற காலம் இது. கிராஞ்சிக்குப் போய் அந்த ஒன்பது பெயரையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், சரியான உச்சரிப்பில்.

கணக்கர் சொன்னபடி பதாகை, உண்டியல், சட்டை எதுவும் வேண்டாம். நண்பர்கள் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம், அவ்வளவுதான். கூட்டம் பெருகினால் அனுமதி வாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டு முறையாகச் செய்வோம்.


செந்தோசை | செவ்வாய், இரவு 10.50

இரண்டு நாளாக யோசித்தேன். இதற்கு நானும் வருகிறேன்.

ஒரு வேண்டுகோள். பெயரைத் தேடி ஊருக்குப் பேசும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: ‘உங்கள் ஊரிலிருந்து மலாயாத் தோட்டத்துக்குப் போய் சயாமுக்கு இழுத்துப் போகப்பட்டவர் யாராவது உண்டா?’ பட்டாளத்துக்குப் போனவனும் தோட்டத்துக்குப் போனவனும் பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்திருப்பான். தோட்டத்து ஆட்களுக்குப் பட்டியலே இல்லை என்று சொன்னேன் அல்லவா, அதை நாம் எழுதத் தொடங்குவோம். என் தாத்தாவின் அண்ணன் பெயர்தான் முதல் வரி. தனிக் கோப்பு திறந்துவிட்டேன்.


உட்லண்ட்ஸ்வாசி | செவ்வாய், இரவு 11.02

கட்டாயம். கேள்வியைச் சேர்த்துவிட்டேன்.


தொடக்கக்கல்லூரி_மாணவி | புதன், மாலை 5.30

நானும் சேரலாமா? எனக்குத் தமிழ் எழுத வரும், ஆனால் தமிழ்நாட்டு ஊர்கள் தெரியாது. பிப்ரவரி 15 அன்று முழுமைத் தற்காப்பு தினம் என்று நாடு முழுக்கச் சைரன் ஊதுவார்கள், மாலை 6.20க்கு. சரணடைந்த நேரம் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த நாளில் தமிழர்கள் இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஜப்பானியர் காலத்தில் இறந்த பொதுமக்களுக்காகப் பீச் ரோட்டில் இருக்கும் நினைவுச் சின்னத்தைப் பற்றித் திட்டப்பணி செய்தேன். 1962இல் சிக்லாப்பில் எலும்புகள் கிடைத்த பிறகு தீவு முழுக்கத் தோண்டி எடுத்து, 606 தாழிகளில் அந்த நினைவுச் சின்னத்துக்குக் கீழே வைத்தார்கள். யார் யார் என்று தெரியாமலே வைத்தார்கள். எனக்கு ஒன்பது பெயர் வேண்டாம், மூன்று கொடுங்கள், ஒழுங்காகச் செய்கிறேன்.


வாத்தியார்_அங் மோ கியோ | புதன், மாலை 6.10

வா அம்மா. ஊர்ப்பெயரில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் இருக்கிறபடி அப்படியே அனுப்பு. நாம் இருவரும் சேர்ந்து சொல்லிப் பார்ப்போம்.


பொன்னி_தெம்பனிஸ் | சனி, இரவு 11.20

கை நடுங்குகிறது, பிழை இருந்தால் மன்னியுங்கள்.

வாத்தியார் சொன்னபடி தேடினேன். நான்கு நாளாக இரவு இரவாக. அவர் பெயரை ஏழு விதமாக எழுதிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இன்று அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ‘பெயரை விடு, பெரியம்மா பெயரைப் போட்டுப் பார்’ என்றார். மனைவி பெயரில் தேட வழி தெரியவில்லை. அதனால் தஞ்சாவூர் ஜில்லா என்று இருப்பவர்களை ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தோம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊர்ப்பெயரை மட்டும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நிறுத்திவிட்டார். ஆங்கிலத்தில் பார்த்தால் எங்கள் ஊர் என்று நான் சொல்லியிருக்கவே மாட்டேன். நடுவில் ஓர் எழுத்தே காணோம். அம்மா சத்தமாகச் சொன்னதும் எங்கள் ஊர்தான். தகப்பனார் பெயர் சரி. பக்கத்தில் மனைவி பெயர், எங்கள் பெரிய பாட்டியின் பெயர், கடைசி எழுத்து மட்டும் தப்பு.

அவருடைய பெயரில் முன்பாதியும் பின்பாதியும் இடம் மாறியிருந்தது. அதனால்தான் கிடைக்கவில்லை.

இறந்த நாள் என்று 1942 பிப்ரவரி 15 போட்டிருக்கிறது.


வாத்தியார்_அங் மோ கியோ | ஞாயிறு, காலை 5.55

பொன்னி, உன் பதிவைப் பார்த்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. அம்மாவிடம் இதைச் சொல்.

உடல் கிடைக்காதவர்கள் பலருக்குச் சரணடைந்த நாளையே இறந்த நாளாகப் பதிந்திருக்கிறார்கள். அன்றுதான் போனார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நாள் சிங்கப்பூரில் எந்த நாள் தெரியுமா? சீனப் புத்தாண்டின் முதல் நாள். சீனப் புத்தாண்டு எப்போதும் அமாவாசையை ஒட்டித்தான் வரும். பஞ்சாங்கத்தையும் பார்த்துவிட்டேன். அன்று மாசி அமாவாசை.

உங்கள் வீட்டில் நாள் தெரியாமல் இத்தனை வருடம் அமாவாசையில்தான் கொடுத்திருக்கிறீர்கள்.


பொன்னி_தெம்பனிஸ் | ஞாயிறு, காலை 7.40

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் குளித்துவிட்டு விளக்கேற்றினார். அப்புறம் வந்து ‘இனி மாசியிலும் கொடுப்போம், புரட்டாசியையும் விட வேண்டாம்’ என்றார்.

அம்மாவுக்கு முட்டி வலி, ஒன்பது கிலோமீட்டர் நடக்க முடியாது. கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து டாக்சியில் கூட்டி வருகிறேன். மேட்டில் படிக்கட்டு எத்தனை இருக்கும்? பக்கத்தில் சக்கர நாற்காலி போகிற பாதை உண்டா?


உட்லண்ட்ஸ்வாசி | ஞாயிறு, காலை 8.15

படிக்கட்டை எண்ணவில்லை. இரண்டு பக்கமும் புல்தரை, மெல்லத்தான் மேடாகும். நாளை வேலை முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டுப் படம் போடுகிறேன். முடியாவிட்டால் நானும் தேக்கா மணியும் நாற்காலியோடு தூக்கிவிடுகிறோம், கவலைப்படாதீர்கள்.

உங்கள் பெரிய தாத்தாவின் பெயர் இருக்கும் தூணின் எண்ணை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். வெயில் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து வைக்கிறேன். அம்மா வரும்போது எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும்.


தேக்கா_மணி | ஞாயிறு, காலை 8.31

பூ நான் வாங்கி வருகிறேன். காலை ஐந்தரைக்கே கடை திறந்துவிடும். மல்லிகையா, சாமந்தியா என்று அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கள்.


பொன்னி_தெம்பனிஸ் | ஞாயிறு, காலை 8.50

கேட்டேன். மல்லிகைதான், கதம்பம் வேண்டாமாம். கூடவே கொஞ்சம் மஞ்சள் கயிறும் வாங்கி வரச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.